எண்பது செகண்டும் எங்க மாமாவோட எண்ணெய்ச் சட்டியும்



நம்ம பள்ளிக்கூடத்துல யாரைக் கேட்டாலும் ஜெட்டைப் பத்தி ஒரு விஷயம் சொல்வாங்க. சத்தம் எங்கேயிருந்து வருதோ அங்கே பார்த்தா ஒண்ணும் தெரியாது. அதுக்கு ரொம்ப முன்னாடி பார்க்கணும். ஆறாம் வகுப்புத் தம்பிங்க இதுல பெரிய ஆளுங்க. சத்துணவுத் தட்டைக் கையில வச்சுக்கிட்டே சரியான இடத்தைக் காட்டுவாங்க. ஆனா அந்த ஜெட் எங்கே போகுது, போய் என்ன பண்ணுதுன்னு கேட்டா "சும்மா சுத்துது" என்பார்கள். சும்மா சுத்தவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

தஞ்சாவூரில் புதுக்கோட்டை ரோட்டில் விமானப்படைத் தளம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் போகும்போது நீளமான மதில் சுவர் தெரியும். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே அங்கே ஓடுதளம் போட்டுவிட்டார்கள். 2013 மே மாதம் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி வந்து அதைப் போர் விமானத் தளமாகத் திறந்து வைத்தார். 2020 ஜனவரி 20-ஆம் தேதி சுகோய்-30 விமானங்கள் உள்ள 222-ஆவது அணி அங்கே தொடங்கப்பட்டது. அந்த அணியின் பெயர் டைகர்ஷார்க்ஸ். பேரிலேயே சுறா இருக்கு பாருங்க. தஞ்சாவூரில் ஏது கடல்? ஆனால் நாகப்பட்டினத்துக்கு நமக்கு பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் என்றால் ஜெட்டுக்கு ஐந்தாறு நிமிஷம்தான். அந்த அணியின் முக்கியமான வேலை கடலில் வரும் எதிரிக் கப்பல்களைத் தாக்குவது. விமானத்தின் வயிற்றுக்கு அடியில் பிரம்மோஸ் என்ற ஏவுகணையை மாட்டுவார்கள். பிரம்மபுத்திரா, மாஸ்கோவா என்ற இரண்டு ஆறுகளின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர் அது. ஒரு ஏவுகணையே இரண்டரை டன். நெல் மூட்டைக் கணக்கில் சொன்னால் ஒரு டிராக்டர் டிரெய்லர் நிறைய என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பொது அறிவு. எனக்கு இதில் சொந்த விஷயம் ஒண்ணு இருக்கு. எங்க அம்மாவோட தம்பி, என் சின்ன மாமா, கடற்படையில் இருக்கிறார். துப்பாக்கியோட நிற்கிறவர் இல்லை. சமையல்காரர். ஊரில் சிலபேர் "கப்பல்ல போயும் சோறாக்குறானா" என்று சிரிப்பாங்க. அம்மாச்சிக்குக் கோபம் வந்துடும். "சோறு இல்லாம எவன்டா சண்டை போடுவான்" என்பார்கள்.

2025 பொங்கலுக்கு மாமா லீவில் வந்திருந்தார். மாட்டுப்பொங்கல் அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து பனங்கிழங்கு தின்னும்போது மேலே ஜெட் போச்சு. எங்க வீட்டு கன்னுக்குட்டி மிரண்டு கயித்தை இழுத்தது. மாமா மட்டும் தலையைக்கூடத் தூக்கலை. "மாமா, உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன். "இது மேல போறது பாப்பா. எங்க மேல வர்றதப் பார்த்தியானா தண்ணிய ஒட்டி வரும்" என்றார். அப்புறம்தான் முழுசா சொன்னார்.

கப்பல்ல அடிக்கடி பயிற்சி நடக்குமாம். நம்ம விமானமே எதிரி மாதிரி நம்ம கப்பலைத் தாக்க வரும். குண்டும் ஏவுகணையும் போடாது. ஆனா உண்மையாப் போட வர்றவன் எப்படி வருவானோ அப்படியே வரும். எந்தத் திசை, எத்தனை விமானம், எத்தனை மணிக்கு, எதையும் சமையல்காரருக்குச் சொல்ல மாட்டாங்க. திடீர்னு மணி அடிக்கும், ஒலிபெருக்கியில அறிவிப்பு வரும். எல்லாரும் அவங்கவங்க இடத்துக்கு ஓடணும். ரேடார் பார்க்கிறவர் விமானத்தைக் கண்டுபிடிக்கணும், பீரங்கிக்காரர் குறி வைக்கணும். நிஜமா சுடக் கூடாது. திரையிலேயே சுட்டதாக் கணக்கு.

"நீங்க என்ன மாமா பண்ணுவீங்க?"

"நான் மொதல்ல அடுப்ப அணைப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மாமா சிரிக்கலை. "கப்பலுக்குக் குண்டு பட்டா தீப்பிடிக்கிறது பெரிய ஆபத்து. நூத்துக்கணக்கான பேருக்குப் பூரி சுடுற எண்ணெய் கொதிச்சிட்டு இருக்கும். அது கவுந்தா என்னாகும்? அடுப்ப அணைச்சு, எண்ணெய மூடி, கத்தி கரண்டியெல்லாம் உள்ள வச்சுப் பூட்டிட்டு, தலைக்கு வெள்ளை முகமூடி, கைக்கு வெள்ளை உறை போட்டுக்கணும். தீப்பிழம்பு அடிச்சா தோல் கருகாம இருக்கத்தான் அது. அப்புறம் காயம்பட்டவங்களத் தூக்குறது, தீயணைக்கிறது எல்லாம் எங்க வேலைதான்" என்றார். கப்பல் பக்கத்துல ஓட்டை விழுந்தா அடைக்கிறதுக்கு இன்னிக்கும் மரக்கட்டையும் மர ஆப்பும்தானாம். ரேடார், ஏவுகணைன்னு இவ்வளவு வச்சுக்கிட்டு கடைசியில மண்வெட்டிக்கு ஆப்பு அடிக்கிற வேலைதான் என்று எங்க அப்பா சொன்னார்.

மாமா கொச்சிக்கும் ஒருமுறை பயிற்சிக்குப் போயிருக்கார். அங்கே கப்பல்களுக்குப் பயிற்சி கொடுக்கிறதுக்குன்னே கடற்படையில தனிப் பிரிவு இருக்கு. அவங்க கப்பலுக்குள்ள ஏறி நோட்டும் பேனாவுமா நடப்பாங்களாம். "இந்த அறையில தீ", "இந்த ஆளுக்குக் கால் போச்சு" என்று சொல்வாங்களாம். உடனே நாம செய்து காட்டணும். எனக்கு நம்ம பள்ளி ஆண்டாய்வு ஞாபகம் வந்தது. ஆனா ஆண்டாய்வுல எந்தப் பாடத்துல கேள்வி வரும்னு நமக்கு முன்னாடியே கொஞ்சம் தெரிஞ்சிடும். (டீச்சர் மன்னிக்கவும்.) அங்கே தெரியாது.

மாமா தண்ணிய ஒட்டி வரும்னு சொன்னாரே, அது ஏன்னு எனக்குப் புரியலை. ரேடார்னா எல்லாத்தையும் பார்க்கும்னு நினைச்சிருந்தேன். கணக்கு சாரிடம் கேட்டேன். சார் கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டு, அதன் மேல் சின்னக் கோடு ஒண்ணு நிறுத்தி, "இது பூமி, இது கப்பல் கொடிமரம். இதில் செங்கோண முக்கோணம் எங்கே இருக்கு, கண்டுபிடி" என்றார். நமக்குத் தெரிந்த அதே பிதாகரஸ் தேற்றம்தான்! பூமி உருண்டை என்பதால் கடல் நமக்கு முன்னால் கீழே வளைந்து போய்விடுகிறது. பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர். ரேடார் 20 மீட்டர் உயரத்தில், அதாவது 0.02 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் கிட்டத்தட்ட 16 வருகிறது. 16 கிலோமீட்டர் தூரம் வரைதான் கடல் தெரியும். ஏவுகணை 5 மீட்டர் உயரத்தில் வந்தால் அதற்கும் அதே மாதிரி போட்டால் 8 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 24. ரேடார் அலை கொஞ்சம் வளைந்து போவதால் இன்னும் சில கிலோமீட்டர் கூடும் என்று சார் சொன்னார். ஆனாலும் அவ்வளவுதான். அதுக்கு அந்தப் பக்கம் இருந்தால் எவ்வளவு நல்ல ரேடாராக இருந்தாலும் கப்பலில் இருந்து தெரியாது. நடுவுல பூமியே நிற்குது. உயரத்தில் பறந்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியே மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் தண்ணியை ஒட்டி வர்றது.

இப்போது வேகம். ஒரு செகண்டுக்கு 300 மீட்டர் போகிற ஏவுகணை 24 கிலோமீட்டரைக் கடக்க 80 செகண்டு. பிரம்மோஸ் ஒலியைப் போல 2.8 மடங்கு வேகம். அதற்குப் போட்டுப் பார்த்தோம். 25 செகண்டு. அதோட சத்தம் பின்னாடிதான் வரும். நம்ம தம்பிங்க வித்தை அங்கே பலிக்காது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு திருக்குறளும் பொருளும் சொல்லி முடிக்க ஆகிற நேரம் அது.

இந்தப் பயிற்சி உலகம் முழுக்க உண்டு என்று அறிவியல் டீச்சர் சொன்னார். லேப்டாப்பில் சில படங்களும் காட்டினார். இங்கிலாந்தில் பிளிமத் என்ற துறைமுகம் இருக்கிறது. அங்கே பயிற்சிக்கு வரும் கப்பல்களுக்கு வியாழக்கிழமைதோறும் ஒரு போர் நடக்கும். அதற்குப் பெயரே வியாழக்கிழமைப் போர்! திங்கள் செவ்வாயெல்லாம் சின்னச் சின்னப் பயிற்சி, வியாழக்கிழமை எல்லாம் சேர்ந்து வரும். புகை போடுவார்கள், காயம் பட்ட மாதிரி சாயம் பூசிக்கொண்டு ஆள்கள் கிடப்பார்கள். வேறு நாட்டுக் கப்பல்களும் அங்கே போய்ப் பயிற்சி எடுக்கின்றன.

எதிரி விமானமாக வருவதற்கென்றே அவர்களிடம் ஒரு அணி இருந்தது. 736-ஆவது கடற்படை விமான அணி. கார்ன்வால் என்ற பகுதியில் கல்ட்ரோஸ் தளத்தில் 2013-இல் தொடங்கி 2022 வரை இருந்தது. அதில் இருந்தவை ஹாக் என்ற சின்ன ஜெட்கள். முழுசும் கறுப்பு. ஹாக் நம்ம நாட்டிலும் இருக்கிறது, நம் விமானிகளும் அதில்தான் பழகுகிறார்கள். அந்தக் கறுப்பு ஹாக் சிலநேரம் எதிரி விமானமாக நடிக்கும், சிலநேரம் ஏவுகணையாகவே நடிக்கும். கடலை ஒட்டிக்கொண்டு நேரே கப்பலை நோக்கி வந்து கடைசியில் மேலே தாண்டிப் போய்விடும். உள்ளே உட்கார்ந்திருக்கிற விமானி, நான் இப்போ மனுஷன் இல்லை, ஏவுகணை என்று நினைச்சுக்கணும் போல. ஆண்டு விழா நாடகத்தில் மரமாக நடித்த என் தோழியை நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் அசையாமல் நின்றால் போதும்.

நடிப்புதானே, கொஞ்சம் மெதுவா வரக்கூடாதா என்று எனக்குத் தோன்றியது. இதை மாமாவிடமே கேட்டேன். "எங்க மேல பாசம் இருக்கிற பைலட்டு எங்கள ஏமாத்தணும் பாப்பா. பாவம்னு மெதுவா வந்தான்னா அவன்தான் எங்களுக்கு எதிரி" என்றார்.

அது எவ்வளவு உண்மை என்று டீச்சர் சொன்ன ஒரு கப்பலின் கதையில் புரிந்தது. அதன் பெயர் ஷெஃபீல்டு. பிரிட்டனின் போர்க்கப்பல். 1982-இல் தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் சண்டை போட்டன. மே 4-ஆம் தேதி அர்ஜென்டினாவின் இரண்டு ஜெட்கள் கடலை ஒட்டிப் பறந்து வந்தன. நடுவில் கொஞ்சம் எழும்பி ரேடாரில் பார்த்துவிட்டு மறுபடி கீழே இறங்கிவிட்டன. பக்கத்தில் இருந்த கிளாஸ்கோ என்ற கப்பல் அந்த ரேடாரைக் கண்டுபிடித்து எச்சரிக்கைச் சொல்லைச் சொன்னது. அந்தச் சொல் 'ஹேண்ட்பிரேக்'. ஆனால் அதற்கு முன்னால் பலமுறை இப்படி எச்சரிக்கை வந்து ஒன்றும் இல்லாமல் போயிருந்ததால், இதுவும் அப்படித்தான் என்று பெரிய கப்பலில் இருந்தவர்கள் நினைத்துவிட்டார்கள். புலி வருது புலி வருது கதை. ஷெஃபீல்டில் இருந்தவர்கள் தங்கள் கண்ணால் ஏவுகணையைப் பார்த்தபோது சில செகண்டுகள்தான் பாக்கி இருந்தது.

இரண்டு எக்சோசெட் ஏவுகணைகள் விட்டதில் ஒன்று பட்டது. அது போய் விழுந்த பகுதி சமையலறைப் பக்கம். தீயணைக்கிற தண்ணீர்க் குழாயும் அந்த அடியிலேயே உடைந்துவிட்டது. 20 பேர் இறந்துபோனார்கள். அதில் சமையல்காரர்களும் இருந்தார்கள். கப்பலை இழுத்துக்கொண்டு போகும்போது மே 10-ஆம் தேதி கடலில் மூழ்கிவிட்டது.

டீச்சர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் போகலை.

இதில் இன்னொரு விஷயம்தான் என் மனசை விட்டுப் போகவே இல்லை. அர்ஜென்டினாவிடம் ஷெஃபீல்டு மாதிரியே, அதே ரகத்தில் இரண்டு கப்பல்கள் இருந்தன. சண்டைக்கு முன்னால் பிரிட்டனோடு நட்பாக இருந்த காலத்தில் வாங்கியவை. ஒன்றை பிரிட்டனிலேயே கட்டினார்கள். அந்த ஜெட் விமானிகள் தங்கள் நாட்டு அந்தக் கப்பல்களின் மேல் தாக்கிப் பழகினார்கள். எவ்வளவு தாழ்ந்து வந்தால் ரேடாரில் தெரியாது, எங்கே எழும்பலாம், எங்கே எழும்பக் கூடாது என்று தங்கள் சொந்தக் கப்பலிடமே கற்றுக்கொண்டார்கள். அப்புறம் அதே பாடத்தை ஷெஃபீல்டிடம் ஒப்பித்தார்கள். பயிற்சி என்றால் தடுக்கக் கற்றுக்கொள்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அடிக்க வருகிறவரும் அதே மணி நேரத்தில் கற்றுக்கொள்கிறார்.

நம்ம தஞ்சாவூர் ஜெட் மேலே போகும்போது இப்போது எனக்கு இரண்டும் தோன்றுகிறது. அவர்கள் நன்றாகக் கற்றுக்கொள்ளணும், நம் நாட்டுக் கடலைக் காப்பாற்றணும். 2022 ஏப்ரல் 19-ஆம் தேதி கிழக்குக் கடலில் சுகோயிலிருந்து விட்ட பிரம்மோஸ், ஓய்வு கொடுக்கப்பட்ட நம் பழைய போர்க்கப்பல் ஒன்றைக் குறி தவறாமல் அடித்தது என்று படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. அந்தக் கப்பலில் ஆள் யாரும் இல்லை. ஆனால் ஆள் இருக்கிற கப்பல் என்றால், அது எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும் உள்ளே ஒருத்தர் எண்ணெய்ச் சட்டியை மூடிக்கொண்டிருப்பார். இதை வகுப்பில் சொன்னேன். "எதிரி நாட்டுச் சமையல்காரனுக்குப் பாவம் பார்க்கிறியா?" என்று பையன்கள் கேட்டார்கள். ஆமாம், பார்க்கிறேன். அதுக்காக எங்க மாமா கப்பல்ல அடிபடட்டும்னு அர்த்தம் இல்லை.

2025 மே மாதம் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். 7-ஆம் தேதி அதிகாலை நம் விமானப்படை தாக்குதல் நடத்தியது. 10-ஆம் தேதி சண்டை நின்றது. அதற்கு முன்னாலேயே மாமாவின் போன் ஸ்விட்ச் ஆஃப். எந்தக் கடலில் இருக்கிறார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அம்மாச்சி டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. சாப்பாடு வைத்தால், "அவன் எத்தன பேருக்கு ஆக்கிப் போட்டுட்டு சாப்பிட்டானோ இல்லையோ" என்பார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் களை எடுக்கப் போய்விடுவார். எனக்கு அப்போது ஷெஃபீல்டு கதை தெரியாது. தெரியாததும் நல்லதுக்குத்தான். சண்டை நின்று ஆறு நாள் கழித்து ராத்திரி ஒன்பது மணிக்கு மாமா பேசினார். "நல்லா இருக்கேன், வேலை ஜாஸ்தி" என்று இரண்டே வார்த்தை. அம்மாச்சி போனை வாங்கி ஒன்றும் சொல்லாமல் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு வேலை செய்தேன். அம்மா வடை சுட்டு முடித்ததும் அவர் இடத்தில் நான் நின்றுகொண்டேன். தம்பி கையில் அப்பாவின் போனைக் கொடுத்து ஸ்டாப்வாட்ச் வைக்கச் சொன்னேன். அவன் "விமானம்!" என்று கத்தினதும் அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, சட்டியைத் தட்டால் மூடி, கத்தி அரிவாள்மனையை எடுத்து உள்ளே வைத்து, முகத்தில் துண்டைக் கட்டி, கையில் அப்பாவின் பழைய காலுறையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். 52 செகண்டு. துண்டு முடிச்சுதான் லேட். எண்பதுக்குள் வந்துவிட்டேன், பிரம்மோஸாக இருந்தால் வந்திருக்க மாட்டேன். அம்மா, "அடுப்பாங்கரையில என்னடி கூத்து" என்று கரண்டியோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் திட்டவில்லை. "இன்னொருவாட்டி பண்ணு, அந்தத் துண்ட முன்னாடியே கழுத்துல போட்டுக்க" என்றார். இரண்டாவது தடவை 39.

அன்று ராத்திரி மாமா பேசும்போது சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். "நாங்க ஆறு பேரு பாப்பா, ஆளுக்கு ஒரு வேலை. எண்ணெய்ச் சட்டி மட்டும் என்னுது" என்றார்.

"எத்தனை செகண்டு மாமா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உன்னவிடக் கம்மிதான்" என்றார்.

9-ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு